உள்ளே விட்ட துணி



தை பிறந்துவிட்டால் கல்யாண வீடுகளில் ஜவுளிப் பேச்சு தொடங்கிவிடும். முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி, வரவேற்புக்குக் கோட்டு சூட்டு என்பது நம் ஊர்களில் இரண்டு மூன்று தலைமுறையாக நடந்து வரும் வழக்கம். மாப்பிள்ளைக்குப் புதுக் கோட்டு எடுக்கக் கடை கடையாக ஏறி இறங்கும் அதே வீட்டில், பீரோவின் கடைசித் தட்டிலோ பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியிலோ அப்பாவின் வரவேற்புக் கோட்டு ஒன்று அந்துருண்டை வாசனையோடு மடிந்து கிடக்கும். தாத்தா வக்கீலாகவோ தலைமை ஆசிரியராகவோ இருந்திருந்தால், வேட்டிக்கு மேல் அவர் போட்டுக்கொண்ட அல்பாகா கோட்டோ குளோஸ் கோட்டோ கூட இருக்கலாம். இந்த மாதம் அந்தக் கோட்டுகளைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். எடுத்து வெளியே விரியுங்கள். அவற்றில் பலவற்றை இன்றும் உடுத்த முடியும். ஆகும் செலவும் புதுக் கோட்டு விலையில் சிறு பங்குதான்.

இவ்வளவு நம்பிக்கையோடு சொல்வதற்குக் காரணம் அதைத் தைத்த டெய்லர். அளவெடுத்து வெட்டிய அந்தக் காலத்து மாஸ்டர்கள் கல்யாண மாப்பிள்ளையின் அன்றைய உடம்பை மட்டும் மனதில் வைத்து வெட்டவில்லை. இருபத்தைந்து வயதில் ஒல்லியாக வந்து நிற்பவர் நாற்பதில் எப்படி இருப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். பேண்டை உள்பக்கம் திருப்பி, இடுப்புப் பட்டியிலிருந்து பின்புறம் கீழே இறங்கும் நடுத்தையலைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ துணி உள்ளே மடிந்து நிற்கும். கால் மடிப்புக்குள் இரண்டு மூன்று அங்குலம் சுருண்டிருக்கும். கோட்டின் முதுகுத் தையலிலும் பக்கத் தையல்களிலும், லைனிங்குக்குப் பின்னால், கொஞ்சம் கொஞ்சமாகத் துணி ஒளிந்திருக்கும். வேண்டும்போது பிரித்து விட்டுக்கொள்ளட்டும் என்று, தான் பார்க்கப் போகாத ஒரு நாளுக்காக அந்த மாஸ்டர் விட்டுவைத்த துணி அது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஒவ்வோர் அங்குலமும் கணக்கு. அங்கே இந்தத் தாராளம் அரிது. பழைய கோட்டைக் காப்பாற்ற முடிவது முக்கியமாக இந்தத் துணியால்தான்.

டெய்லரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலில் தோள். கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் முடிகிறதா? கழுத்துக்குப் பின்னால் காலர் சட்டைக் காலரோடு ஒட்டி உட்காருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தோளைத் திருத்த வேண்டுமானால் கையைக் கழற்றி, உள்ளே இருக்கும் பஞ்சுத் திண்டைக் கழற்றி, கைக்குழியை மறுபடி வெட்டி, கிட்டத்தட்ட கோட்டையே புதிதாகக் கட்ட வேண்டும். கூலியும் அதற்கேற்பப் போகும், அப்படிச் செய்தும் சரியாக உட்காரும் என்ற உறுதி இல்லை. நீளமும் அப்படித்தான். அரை அங்குலம், மிஞ்சினால் முக்கால் அங்குலம் குறைக்கலாம். அதற்கு மேல் போனால் பாக்கெட்டுகள் கோட்டின் அடியில் தொங்குவது போலத் தெரியும். தோளும் நீளமும் பொருந்தாத கோட்டை அண்ணன் தம்பி, மாமன் மச்சான் யாருக்காவது போட்டுப் பாருங்கள். அப்பாவின் கோட்டு மகனைவிட மகளுக்கு அழகாகப் பொருந்திய வீடுகளும் உண்டு.

மற்றவை பெரும்பாலும் கைக்கு அடங்கிய வேலைகள். இடுப்பைப் பிடிப்பதும் விடுவதும் எளிது, பேண்டு இடுப்பில் இரண்டு அங்குலம் வரை. அதற்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட்டுகள் இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கிவிடும், பார்க்க நன்றாயிராது. கோட்டின் வயிற்றுப் பகுதியைப் பக்கத் தையல்களில் பிடிக்கலாம். கை நீளத்தை மணிக்கட்டுப் பக்கமிருந்து குறைக்கலாம், ஆனால் அங்கே இருக்கும் பட்டன்களுக்கு உண்மையான காஜா வெட்டியிருக்கிறதா, அல்லது வெறும் அலங்காரமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காஜா வெட்டியிருந்தால் நீளத்தைத் தோள் பக்கமிருந்துதான் குறைக்க வேண்டும். அது பெரிய வேலை. எழுபதுகளின் பெல்பாட்டம் பேண்டைக் குறுக்குவதும் கடினமில்லை. உள்தொடைத் தையல், வெளித்தையல் இரண்டிலும் சமமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கம் பிடித்தால் இஸ்திரி மடிப்பு முழங்காலுக்குக் கீழே கோணிக்கொண்டு போகும்.

துணி என்ன துணி என்று தெரிந்துகொள்வதும் அவசியம். நம் பெரியவர்களின் கோட்டுகளில் அசல் கம்பளித் துணி உண்டு. கான்பூரின் லால் இம்லி, பஞ்சாபின் தாரிவால், பெங்களூரின் பின்னி ஆலை, தானேயின் ரேமண்ட் என்று பல பேர்களை அந்தத் தலைமுறை மரியாதையோடு சொல்லும். வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் 1941-இல் இங்கிலாந்தில் உருவாக்கிய டெரிலின் இழை பின்னாளில் கம்பளியோடு கலந்து டெரிவூலாக நம் கடைகளுக்கு வந்தது. கசங்காது, சீக்கிரம் காயும், விலையும் குறைவு என்பதால் அறுபது எழுபதுகளில் நடுத்தரக் குடும்பத்து மாப்பிள்ளைகள் பலர் டெரிவூல்தான் உடுத்தினார்கள். உங்களுடையது எது என்று அறிய, உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவி, தட்டின் மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் செயற்கை இழை. இரண்டும் கலந்து நடந்தால் டெரிவூல். இஸ்திரியின் சூடு, சலவை முறை, பூச்சி பயம் எல்லாம் இதைப் பொறுத்தே மாறும்.

அடுத்து, முன்பக்கத் துணியைக் கீழ்ப் பட்டனுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் கிள்ளி, மேல்துணியையும் உள்துணியையும் விலக்கிப் பாருங்கள். நடுவில் மூன்றாவது துணி ஒன்று தனியாக நழுவினால், அது கையால் தைத்த கேன்வாஸ். குதிரை முடி கலந்த அந்தக் கேன்வாஸ்தான் கோட்டின் மார்புக்கு உருவம் கொடுக்கிறது. ஆண்டுகள் ஆக ஆக அது உடுத்தியவரின் உடம்புக்குப் பழகிப்போகும். நடுத்துணி நழுவாமல் மேல்துணியோடு ஒட்டியிருந்தால், அது பசை வைத்துச் சூட்டில் ஒட்டிய வகை. அதிலும் நல்ல கோட்டுகள் உண்டு. ஆனால் மார்பிலோ மடிப்புக் காலரிலோ கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தால் பசை விட்டுவிட்டது என்று பொருள். அதைச் சரியாக்க நியாயமான செலவில் வழி கிடையாது. அந்தக் கோட்டில் பணம் போட வேண்டாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் முழங்கை, பேண்டின் பின்புறம் எல்லாம் சல்லடையாகத் தெரிவதும், மெல்ல இழுத்தாலே துணி கிழிவதும் அப்படித்தான். பட்டன்களைக் கழற்றி வைத்துக்கொண்டு விடைகொடுத்துவிடலாம். பழைய கொம்புப் பட்டன்கள் இன்று எளிதில் கிடைப்பதில்லை.

பூச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோட்டில் ஓட்டை போடுவது பறக்கும் அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. கம்பளியில் இருக்கும் கெரட்டின் புரதம்தான் அதற்கு உணவு. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் படிந்த இடத்தை அது முதலில் தேடும்; ஆகவே வரவேற்பு முடிந்த கையோடு சுத்தம் செய்யாமல் மடித்து வைத்த கோட்டுகள்தான் அதிகம் அரிபடுகின்றன. பெட்டியிலிருந்து எடுத்ததும் வெளியே கொண்டுபோய், கைமடிப்பு, காலருக்கு அடி, பாக்கெட்டின் மூலைகள் எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தட்டி, வெயிலில் சிறிது நேரம் உள்பக்கம் தெரியக் காயவிடுங்கள். டிரை வாஷுக்குக் கொடுத்தால் முட்டையும் புழுவும் சாகும். உறைநிலைப் பெட்டியில் இடமிருந்தால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் வைத்தாலும் சாகும். வெளியே எடுத்தபின் பை முழுவதும் அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிக்காதீர்கள், பிரித்தால் துணி நனைந்துவிடும்.

அந்துருண்டையை நம் வீடுகளில் அளவில்லாமல் போடுகிறோம். நாப்தலின் உருண்டை பச்சைக் குழந்தைகளுக்கு ஆபத்தானது. ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அதன் நெடி பட்டாலே இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். கைக்குழந்தையின் துணிகள் இருக்கும் பீரோவில் தயவுசெய்து அதைப் போடாதீர்கள். கோட்டைச் சுத்தமாக்கி, வாய் நன்றாக மூடும் பருத்தி உறையில் தொங்கவிட்டு, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் தட்டிக் காற்றாட விட்டாலே பெரும்பாலும் போதும்.

சிறிய ஓட்டை ஏற்கெனவே விழுந்திருந்தால் கலங்க வேண்டாம். கோட்டின் உள்மடிப்பிலிருந்தே இழைகளை உருவி, பாவும் ஊடுமாகத் துணியின் நெசவு ஓடிய அதே வழியில் ஊசியால் ஓட்டி அடைப்பதுதான் டார்னிங். நிறம் தவறாது, ஏனென்றால் அதே துணியின் நூல் அது. மாஸ்டர் உள்ளே விட்ட துணி இங்கே இரண்டாவது முறை கைகொடுக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் நஜீபாபாத் ஊர் இந்தக் கலைக்குப் பேர்போனது. அங்கிருந்து புறப்படும் ரஃபூகர்கள் காஷ்மீரச் சால்வைகளின் கிழிசலைக் கிழிந்த இடமே தெரியாமல் அடைப்பவர்கள். அவர்களுடைய உழைப்பைப் பதிவு செய்து உலகம் பார்க்க வைத்தவர் ஜவுளிக் கலைஞர் பிரியா ரவீஷ் மெஹ்ரா; 2018-இல் மறைந்தார். நம் பக்கத்திலும் டார்னிங் தெரிந்த கைகள் உண்டு. பெரும்பாலும் பழைய டிரை வாஷ் கடைகளில் விசாரித்தால் வழி காட்டுவார்கள். சொரசொரப்பான ட்வீட், பிளானல் வகைத் துணிகளில் டார்னிங் மறைந்துவிடும். வழவழப்பான மெல்லிய கம்பளியில் உற்றுப் பார்த்தால் தெரியும். தெரிந்தால்தான் என்ன? ஒழுங்காக அடைத்த துணியில் குறை ஒன்றும் இல்லை.

பழைய சூட்டைப் பேணும் பழக்கம் மிக ஆழமாக வேரோடியது சூட்டின் தாய்நாடான இங்கிலாந்தில்தான். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 ஜூன் 1 முதல் அங்கே துணிக்குப் பங்கீடு வந்தது. ஒருவருக்கு முதல் வருடத்துக்கு 66 கூப்பன். கோட்டுக்கு 13, இடைக்கோட்டுக்கு 5, பேண்டுக்கு 8 என ஒரு சூட்டுக்கே 26 போய்விடும். துணியை மிச்சம் பிடிக்கப் பேண்டின் காலில் வெளிமடிப்பு வைப்பதைக்கூட அரசு தடை செய்தது. வெளிமடிப்பில்லாமல் இருக்க மனமில்லாதவர்கள் நீளமான பேண்டாக வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள். இருப்பதை ஒட்டுப்போட்டும் திருத்தியும் உடுத்துவது எப்படி என்று 1943-இல் அரசாங்கமே கையேடு போட்டு வீட்டுக்கு வீடு சொல்லிக் கொடுத்தது. பங்கீடு 1949 வரை நீடித்தது.

அந்த நாட்டில் அதற்கும் வெகு காலம் முன்பிருந்தே இருந்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. மேல்பக்கம் வெளுத்து மினுமினுத்துப்போன கோட்டை முழுவதும் பிரித்து, துணியின் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மறுபடி தைப்பார்கள். உள்ளே இருந்த பக்கம் வெயிலும் தேய்மானமும் படாமல் புதிதாக இருக்கும். இடது மார்பில் இருந்த பாக்கெட் மட்டும் வலது பக்கம் போய்விடும். வலப்பக்கம் பாக்கெட் உள்ள பழைய கோட்டைப் பார்த்தால், அது திருப்பித் தைத்ததாக இருக்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் ஊகித்துவிடுவார்கள். இப்படி உடுத்துவதில் வெட்கம் ஏதுமில்லை என்பதற்கு அரண்மனையே சாட்சி. 2018-இல் இளவரசர் ஹாரியின் திருமணத்துக்கு அவருடைய தந்தை சார்லஸ் உடுத்தி வந்தது 1984-இல் தைத்த கோட்டு.

நம் ஊர் வெயிலுக்குக் கம்பளிக் கோட்டா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உதகையிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. மற்றவர்களுக்கு ஒரு வழி உண்டு. உடுத்தும்போது புழுங்குவதற்குக் காரணம் பல நேரம் மேல்துணியைவிட லைனிங். பழைய கோட்டில் முதலில் நைந்துபோவதும் அக்குள் பக்கத்து லைனிங்தான். கிழிந்த லைனிங் முழுவதையும் மாற்றச் சொன்னால் செலவு ஏறும். முதுகில் கீழ்ப்பாதி லைனிங்கை எடுத்துவிட்டு, தையல் ஓரங்களைப் பட்டி வைத்து மூடி, மேல்முதுகிலும் கைகளிலும் மட்டும் லைனிங் வைக்கச் சொல்லுங்கள். காற்று உள்ளே போகும். கைக்கு மட்டும் வழவழப்பான ரேயான் லைனிங் வேண்டும். இல்லாவிட்டால் சட்டைக் கை சிக்கிக்கொண்டு கோட்டுக்குள் நுழையாது. அக்குளில் மட்டும் நைந்திருந்தால் பிறைவடிவத் துண்டு ஒன்று வைத்துத் தைத்தாலே ஆண்டுகள் ஓடும். கிழிந்த பாக்கெட் பைகளைக் கெட்டிப் பருத்தியில் மாற்றுவது மிகவும் மலிவான வேலை.

இனிச் சொல்லப் போவது என் மனதுக்கு மிக நெருக்கமானது. டெய்லர் துணியைப் பிடித்துத் தைக்கும்போது, மிஞ்சிய துணியை வெட்டி எறியாமல் உள்ளேயே மடித்து விடச் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்லாவிட்டால் கத்தரிக்கோல் போய்விடும். ஓவர்லாக் மெஷினில் கொடுத்தால் அது தானாகவே நறுக்கிவிடும். உங்கள் மகன் உங்களைவிட அகலமாக வளரலாம். பேண்டின் காலைக் குறைத்தால் அந்த மடிப்பு அப்படியே இருக்கட்டும். எழுபதுகளின் அகல மடிப்புக் காலரைக் குறுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியும், ஆனால் கூலி அதிகம், வெட்டியது வெட்டியதுதான். அது அந்த வருடத்தின் முகம், அப்படியே உடுத்துங்கள். துணியை வெளியே விடுவதானால் ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள்: உள்ளே இருந்த துணியின் நிறம் வெளியே வெளுத்த நிறத்தைவிட ஆழமாக இருக்கும், பழைய தையலின் கோடும் தெரியலாம். முதலில் இரண்டு அங்குல நீளத்துக்கு மட்டும் பிரித்து, ஈரத்துணி வைத்து ஆவி காட்டி, கோடு மறைகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடரச் சொல்லுங்கள்.

செலவைக் குறைக்க வேண்டிய இடம் தையற்காரரின் கூலி ஆகாது. புதிதாகத் தைப்பதைவிடப் பிரித்துத் தைப்பது கடினம். இன்னொருவர் கையின் கணக்கை முதலில் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும், நைந்த துணி கிழியாமல் ஒவ்வொரு தையலாக எடுக்க வேண்டும், பிறகு பழைய ஊசித் துளைகள் தெரியாமல் மூட வேண்டும். “ஆல்ட்ரேஷன்தானே” என்று இருபது முப்பது ரூபாய்க்குப் பேரம் பேசுவதை நான் பல கடை வாசல்களில் பார்க்கிறேன். அதனாலேயே நல்ல மாஸ்டர்கள் பலர் பழைய கோட்டைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுகிறார்கள். வேலையைக் குறைத்துக் கொடுங்கள். பட்டன் தைப்பதும் பாக்கெட் பை மாற்றுவதும் லைனிங்கைப் பிரிப்பதும் வீட்டில் பொறுமையாகச் செய்யக்கூடியவை. கோட்டைச் சுத்தம் செய்துவிட்டே கொண்டு போங்கள், அழுக்கின் மேல் இஸ்திரி பட்டால் கறை நிலைத்துவிடும். அன்றைக்குப் போடப் போகும் சட்டையும் ஷூவும் அணிந்து அளவு கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே முறை செய்ய வேண்டியதும் இல்லை. இந்த வருடம் இடுப்பும் கால் நீளமும், லைனிங் அடுத்த வருடம் என்றால் மாதச் சம்பளத்தில் அடங்கும். ஐப்பசி கார்த்திகையில், கல்யாண அவசரம் வருவதற்கு முன் கொடுத்தால் டெய்லருக்கும் நிதானமாகச் செய்ய நேரம் கிடைக்கும்.

லண்டனின் சாவில் ரோ தெருத் தையற்காரர்கள் கோட்டின் உள்பாக்கெட்டுக்குள் ஒரு சிறு துணிச்சீட்டு தைப்பார்கள். உடையவரின் பேரும் தைத்த தேதியும் அதில் இருக்கும். ஒரு கோட்டின் வயதை ஐயமில்லாமல் அறிய அதைவிட நல்ல வழி கிடையாது. நாமும் செய்யலாம். அப்பா இருக்கும்போதே கேட்டு, எந்த வருடம், எந்த ஊரில், எந்த டெய்லர் தைத்தது என்று எழுதி உள்பாக்கெட்டில் தைத்துவிடுங்கள். இப்போது திருத்திக் கொடுத்தவரின் பேரையும் அடியில் சேருங்கள்.

உங்களிடம் ஓர் உதவியும் கேட்கிறேன். உங்கள் ஊரில் பழைய கோட்டைப் பொறுமையோடு பிரித்துத் தைப்பவர், டார்னிங் தெரிந்தவர் யாராவது இருந்தால், அவருடைய சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, கடை இருக்கும் தெருவையும் அவர் என்னென்ன வேலை எடுத்துக்கொள்கிறார் என்பதையும் எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் மாவட்டவாரியாக வெளியிடுகிறோம். திருத்தி உடுத்திய கோட்டின் படத்தை, முடிந்தால் அப்பாவின் கல்யாணப் படத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்